ஒரு ராத்திரி சார்ஜ்

பேட்டரி டவுன் என்று மாலையில் கடைக்குப் போனால், வைத்துவிட்டு மறுநாள் காலையில் வரச் சொல்வார்கள். அவசரம் என்று கெஞ்சினாலும் நல்ல கடைக்காரர் இறங்கிவர மாட்டார். காஞ்சிபுரம் போன்ற ஊர்களின் பேட்டரிக் கடைகளில் அந்த ஒரு ராத்திரி ஏன் தேவைப்பட்டது என்று தெரிந்துகொண்டால், இன்று காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில் வீட்டுத் திண்ணையில் சார்ஜ் ஏற்றுபவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

பிரான்சைச் சேர்ந்த காஸ்டன் பிளாண்டே 1859-இல் இரண்டு ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, தீர்ந்தால் மறுபடி ஏற்றிக்கொள்ளும் முதல் மின்கலத்தைச் செய்தார். 1881-இல் காமில் ஃபோர் தகட்டின் மேல் ஈயப் பசை பூசும் வழியைக் கண்டார். அதன்பிறகு பெட்டி மாறியது, மூடி மாறியது. உள்ளே நடக்கும் வேதியியல் மாறவில்லை. மின்சாரம் வெளியேறும்போது இரு தகடுகளிலும் ஈய சல்ஃபேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏற்றினால் படிந்தது கரைந்து அமிலத்துக்குத் திரும்புகிறது. வாரக்கணக்கில் காலியாகவே கிடந்தால் அந்தப் படிவு இறுகிவிடும். பிறகு எந்தச் சார்ஜரும் அதை முழுதாகக் கரைக்காது.

இதைக் கடைக்காரர்கள் பாடமாகப் படித்ததில்லை, கையால் அறிந்திருந்தார்கள். மோட்டார் சைக்கிள் பேட்டரி, லாரி பேட்டரி, திருவிழாவுக்கு ஓடிய மைக் செட் பேட்டரி எல்லாவற்றையும் பலகையில் வரிசையாக அடுக்கி, ஒன்றின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸோடு கோத்து, ஒரே ரெக்டிஃபையரிலிருந்து ஏற்றினார்கள். இப்படிக் கோத்தால் எல்லாவற்றிலும் ஒரே அளவு மின்னோட்டம்தான் பாயும். ஆகவே வரிசையிலேயே சிறியது எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் வைக்க முடியும். ராத்திரி முழுக்க ஆனதற்கு அதுவும் ஒரு காரணம். காலையில் ஹைட்ரோமீட்டரால் அமிலத்தை உறிஞ்சிப் பார்ப்பார்கள், மிதவை 1.280-ஐ ஒட்டி நின்றால் பேட்டரி நிறைந்துவிட்டது. அந்த வேலையாட்களின் பருத்திச் சட்டையில் அமிலம் தெறித்தது அப்போது தெரியாது, துவைத்த பிறகுதான் ஓட்டை தெரியும்.

தமிழ்நாட்டில் மோட்டார் சைக்கிளின் கதை புல்லட்டிலிருந்துதான் விரிகிறது. 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. புல்லட்டின் முகப்பு விளக்குக்கு மேலே ஒரு ஆம்மீட்டர் இருக்கும். முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வைத்தே பேட்டரி ஏறுகிறதா, இறங்குகிறதா என்று ஓட்டுபவர் சொல்லிவிடுவார். 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50-க்கு அந்தக் கவலையும் இல்லை. தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை எஞ்சினோடு சுழலும் காந்தமே தந்தது. பெடலை மிதித்தால் கிளம்பிவிடும்.

பேட்டரியை விஞ்ஞானமாகப் பார்த்த இடமும் நம் ஊரில் உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் அது திறக்கப்பட்டது. ஒரு வள்ளலின் கொடை இவ்வளவு தூரம் பயன் தந்ததை நாம் போதிய அளவு பேசுவதில்லை.

பேட்டரியை நம்பாமலே வண்டி கிளம்பிய நிலைமை தலைகீழானது 2020-இல். மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தது. ஏப்ரல் 1-இல் பி.எஸ். 6 என்ற புகை மாசு விதி வந்தது. ஊரடங்கில் வாரக்கணக்கில் நின்ற வண்டிகளின் பேட்டரிகள் இறங்கிப்போயின, கடைகளோ பூட்டிக் கிடந்தன. பெரும்பாலான பி.எஸ். 6 வண்டிகளில் கார்புரேட்டரின் இடத்துக்கு எரிபொருளைப் பீய்ச்சும் கருவி வந்தது. அதன் பம்புக்கும் மூளைக்கும் பேட்டரி வேண்டும். பல வண்டிகளில் கிக்கரே இல்லை. செல்ஃப் எடுக்காத புது வண்டியைத் தள்ளி ஓட்டிக் கிளப்பும் வித்தையும் பெரும்பாலும் பலிப்பதில்லை.

ஆகவே கடையின் ராத்திரி வீட்டுக்கு வந்திருக்கிறது. கடையின் பழக்கமும் கூடவே வர வேண்டும். அங்கே கதவு எப்போதும் திறந்திருக்கும், பீடி பற்றவைக்க விட மாட்டார்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பொறி பட்டால் வெடிக்கும். சமையலறையும் பூஜை விளக்கு எரியும் இடமும் ஆகாது, காற்றோட்டமான திண்ணைதான் சரி. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். அப்படிச் செய்தால் ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டாலும் பொறி பறக்காது. சார்ஜரின் கிளிப்பைப் பொருத்திய பிறகே சுவிட்சைப் போட வேண்டும், அணைத்த பிறகே கிளிப்பை எடுக்க வேண்டும். 5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அரை ஆம்பியர், அதாவது பத்தில் ஒரு பங்கு போதும். பத்து மணி நேரம் ஆகும். இன்வெர்ட்டர் சார்ஜரும் காருக்கான பெரிய சார்ஜரும் இந்தச் சிறிய பேட்டரியை வேகவைத்துவிடும். தானாக நிற்கும் பைக் சார்ஜர் வாங்குவது செலவல்ல. மூடி திறக்கும் பேட்டரியில் நீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றலாம், ஆசிட் கூடாது; சீல் வைத்ததை நெம்பவே கூடாது. உப்பியதையும் விரிசல் விட்டதையும் சார்ஜில் போடக் கூடாது. தொட்டால் சுடுகிறது என்றால் உடனே நிறுத்த வேண்டும். லித்தியம் பேட்டரிக்கு அதற்கான சார்ஜர் தனி. அமிலம் தரையில் சிந்தினால் ஆப்ப சோடா தூவலாம். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஏற்றி முடித்து ஒரு ராத்திரி சும்மா வைத்து மீட்டரில் பார்த்தால் 12.6 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும். 12-க்கு இறங்கிவிட்டால் தகடு போய்விட்டது. அப்போது கடைதான். பழைய பேட்டரியைத் திரும்பப் பெற வேண்டும் என்று 2001-இலேயே விற்பவர்களுக்கு விதி வந்தது. அதற்குப் பதிலாக வந்த 2022-இன் விதிகள் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்தன. உள்ளே இருக்கும் ஈயத்துக்காகக் கடைக்காரர் புது பேட்டரியின் விலையில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்.