டெலிவிஷன் வித்தவுட் பிட்டி: ஒரு கேலித் தளத்தின் முடிவு

1998 சனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'டாசன்ஸ் கிரீக்' என்ற பதின்பருவத் தொடர் தொடங்கியது. அதைப் பார்த்துப் பார்த்துக் கேலி செய்வதற்கென்றே அதே ஆண்டில் ஒரு சிறு இணையதளம் உருவானது. தாரா அரியானோ, சாரா பன்டிங், டேவிட் கோல் ஆகியோர் அதை நடத்தினர். பின்னர் பல தொடர்களையும் எடுத்துக்கொண்டு 'மைட்டி பிக் டிவி' ஆகி, 2002இல் 'டெலிவிஷன் வித்தவுட் பிட்டி' என்ற பெயர் பெற்றது. இரக்கமின்றித் தொலைக்காட்சி பார்ப்பது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

அன்று ஓர் அத்தியாயத்தைத் தவறவிட்டவருக்கு வீடியோ நாடாவில் பதிவு செய்திருந்தால் உண்டு, இல்லையேல் மறுஒளிபரப்புக்குக் காத்திருக்க வேண்டும். இத்தளம் ஒவ்வொரு அத்தியாயத்தையும் காட்சி காட்சியாக எழுத்தில் தந்தது. ஆனால் அது கதைச்சுருக்கம் அன்று. நாற்பது நிமிடத் தொடருக்குப் பல பக்கங்கள் நீளும் எழுத்து. வசனத்தின் ஓட்டை, பாத்திரத்தின் முரண், தலையலங்காரம் வரை எதுவும் தப்பாது. இறுதியில் பள்ளி ஆசிரியர் போல மதிப்பெண் எழுத்தும் இடுவார்கள். தொடரைப் பார்க்காமல் இந்த எழுத்தை மட்டும் படித்தவர்களும் இருந்தனர். பிடிக்காத ஒன்றை இவ்வளவு கவனமாகப் பார்ப்பதும் ஒருவகை அன்புதான் என்று தோன்றுகிறது.

வாசகர் மன்றத்தில் விதிகள் கடுமை. பிழையின்றி எழுத வேண்டும். சொன்னதையே சொன்னால் மட்டுறுத்துநர் எச்சரிப்பார். அங்கே நடந்த பேச்சு தயாரிப்பாளர்களின் காதுக்கும் எட்டியது. 'தி வெஸ்ட் விங்' தொடரை உருவாக்கிய ஆரன் சோர்கின் தாமே மன்றத்தில் எழுதிப் பார்த்தார். அனுபவம் இனிமையாக அமையவில்லை. 2002இல் வெளிவந்த ஓர் அத்தியாயத்தில், ஜாஷ் லைமன் என்ற பாத்திரம் தன்னைப் பற்றிய இரசிகர் தளத்தில் பதில் எழுதி மாட்டிக்கொள்வதாகக் காட்டிப் பழி தீர்த்துக்கொண்டார். தொடரே தளத்துக்குப் பதில் சொன்ன அரிய நிகழ்வு அது.

2007இல் என்பிசி யுனிவர்சலின் பிராவோ நிறுவனம் தளத்தை வாங்கியது. தொலைக்காட்சியைக் கேலி செய்த தளம் தொலைக்காட்சி நிறுவனத்தின் உடைமையாயிற்று. மறு ஆண்டே நிறுவியவர்கள் மூவரும் விலகினர்.

2014 மார்ச் 27 அன்று மூடும் அறிவிப்பு வந்தது. ஏப்ரல் 4 உடன் புதிய எழுத்து நிற்கும், மன்றம் மே 31 வரை இருக்கும் என்றார்கள். வாசகர்களை உலுக்கியது பழைய கட்டுரைகளின் கதிதான். பதினைந்து ஆண்டு எழுத்து, எழுதியவர்களிடமும் இல்லை, படித்தவர்களிடமும் இல்லை. விற்பனையோடு அதுவும் நிறுவனத்திடம் போயிருந்தது. எதிர்ப்பு எழுந்த பின்னரே, கட்டுரைகள் படிக்கக் கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. மன்றத்துக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டே நிறுவியவர்கள் மூவரும் சேர்ந்து 'ப்ரீவியஸ்லி டிவி' என்ற புதிய தளத்தைத் தொடங்கியிருந்தனர். பழைய மன்றத்தார் பலர் அங்கே குடிபெயர்ந்து, அடுத்த வாரத் தொடரைக் குறைசொல்லத் தொடங்கினர்.