புகழ் எட்டாத குத்துச்சண்டை வீரர்கள்: பார்னி ஹென்றிகஸும் பிறரும்

குத்துச்சண்டை வரலாற்றில் திறமைக்கேற்ற பெயர் கிடைக்காதவர்களில் இரண்டு சாரார் உண்டு. பட்டத்துக்கான மேடையில் ஏறவே விடப்படாதவர்கள் ஒரு சாரார். ஏறி வென்ற பிறகும் நினைத்துப் பார்க்க ஆளில்லாமல் போனவர்கள் மற்றச் சாரார். அமெரிக்கக் கண்டத்தின் கறுப்பின வீரர்கள் பலர் முதல் கூட்டத்தில் வருவார்கள். இரண்டாவதில் முதலில் சொல்லப்பட வேண்டிய பெயர் இலங்கையின் பார்னி ஹென்றிகஸ்.

சிட்னி, 1938

பிரித்தானியப் பேரரசு விளையாட்டு விழா 1938 பெப்ரவரி 5 முதல் 12 வரை அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நடந்தது. இன்றைய பொதுநலவாய விளையாட்டு விழாவின் முன்னோடி இது. 15 நாடுகளிலிருந்து 464 பேர் போட்டியிட்டார்கள். அன்று சிலோன் என்ற பெயரில் இருந்த இலங்கை அவ்விழாவில் முதன்முறையாகக் கலந்துகொண்டது. அந்த முதல் முறையிலேயே பெதர்வெயிட் எனப்படும் இறகு நிறைப் பிரிவில் ஹென்றிகஸ் தங்கப் பதக்கம் வென்றார். நாடு கொண்டுவந்த ஒரே பதக்கமும் அதுதான். அதே விழாவுக்கு வந்த இந்தியாவுக்கு எந்தப் பதக்கமும் கிடைக்கவில்லை.

இறகு நிறையின் அன்றைய எல்லை 9 ஸ்டோன், ஏறக்குறைய 57 கிலோ. அமெச்சூர் போட்டிக்கு மூன்று நிமிடச் சுற்றுகள் மூன்றுதான். தொழில்முறை வீரரைப்போல எதிராளியை மெல்ல மெல்லக் களைப்படையச் செய்ய இதில் நேரம் இல்லை. முதல் சுற்றில் புள்ளிகளை இழந்தவர் மீதி ஆறு நிமிடத்துக்குள் அவற்றை மீட்டாக வேண்டும். இந்த நிறையில் ஒற்றைக் குத்தில் ஆள் விழுவதும் அரிது. கால் நகர்வு, தூரக் கணிப்பு, இடக்கையை இடைவிடாமல் நீட்டி எதிராளியை எட்ட வைத்தல் ஆகியவையே வெற்றியைத் தீர்மானிக்கும். பார்வையாளர் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுட்பங்கள் இவை. கனநிறை வீரரின் ஒரு குத்து பத்திரிகையின் முதல் பக்கத்துக்குப் போய்விடும். இறகு நிறைக்காரரின் ஒன்பது நிமிட வேலை உள்பக்கத்தில் இரண்டு வரியோடு முடிந்துவிடும்.

விழாவின் குத்துச்சண்டைப் போட்டிகள் ரஷ்கட்டர்ஸ் பே பகுதியிலிருந்த சிட்னி ஸ்டேடியத்தில் நடந்தன. 1908 டிசம்பர் 26 அன்று ஜாக் ஜோன்சன் கனேடியரான டொமி பர்ன்ஸைத் தோற்கடித்து, கனநிறை உலகப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரானது அதே இடத்தில்தான். அந்தச் சண்டையைப் பற்றிப் புத்தகங்கள் பல இருக்கின்றன. முப்பது ஆண்டு கழித்து அங்கே பதக்கம் வென்ற இலங்கையரைப் பற்றிச் சொந்த நாட்டுப் பாடநூல்கள்கூட விரிவாகப் பேசுவதில்லை.

மறதிக்கான காரணங்கள்

ஹென்றிகஸ் பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்தவர். 1956 ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பின் அச்சமூகத்தில் மிகப் பலர் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். பெரும்பாலானோர் அவுஸ்திரேலியாவில் குடியேறினார்கள். ஒரு வீரரின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாழவைப்பது அவருடைய தெருவும் பாடசாலையும் உறவினரும்தான். அந்தச் சூழலே இடம்பெயர்ந்தபோது பெயரும் கூடவே போயிற்று. பதக்கம் சுதந்திரத்துக்கு முன் கிடைத்தது என்பதும் ஒரு காரணம். தேசிய வரலாறு பெரும்பாலும் 1948இலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறது.

கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்த டங்கன் வைட்டோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளிப் பதக்கம் பெற்ற அவர், 1950இல் ஒக்லன்ட் பேரரசு விளையாட்டு விழாவிலும் தங்கம் வென்றார். அவர் பெயர் நாட்டில் நன்றாக நிலைத்திருக்கிறது, அது அவருக்கு உரியதே. ஆனால் அவ்விழாவில் நாட்டின் முதல் தங்கம் அதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்னரே குத்துச்சண்டையில் வந்துவிட்டது. அந்த வரிசையில் இலங்கை இதுவரை வென்றிருப்பவை நான்கே தங்கங்கள்: ஹென்றிகஸ், வைட், 1994இல் துப்பாக்கி சுடுதலில் மகளிர் இணை, 2006இல் பளுதூக்கலில் சிந்தன விதானகே. நால்வகை வெற்றியில் மிகக் குறைவாகப் பேசப்படுவது முதலாவதுதான்.

பின்வந்தோர்

1948 இலண்டன் அணியில் வைட்டோடு லெஸ்லி ஹந்துங்கே, எடி கிரே, அல்பர்ட் பெரேரா ஆகிய குத்துச்சண்டை வீரர்களும் இருந்தார்கள். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இலங்கைக்கு இன்றுவரை பதக்கம் இல்லை. 1968க்குப் பின் நாற்பது ஆண்டு இடைவெளி விழுந்து, 2008இல் அனுருத்த ரத்நாயக்க பீஜிங் சென்றார். 2010 டில்லி பொதுநலவாய விழாவில் மஞ்சு வன்னியாராச்சி 56 கிலோ பிரிவில் முதலிடம் பெற்றபோது, 72 ஆண்டுக்குப் பின் குத்துச்சண்டைத் தங்கம் என்ற செய்தியோடு ஹென்றிகஸின் பெயரும் கொஞ்சம் வெளிச்சத்துக்கு வந்தது. ஊக்கமருந்துப் பரிசோதனை முடிவால் அப்பதக்கம் திரும்பப் பெறப்பட்டு வேல்ஸ் வீரருக்குப் போயிற்று. 2018இல் கோல்ட் கோஸ்ட் விழாவில் மூன்று வெண்கலங்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று அனுஷா கொடிதுவக்கு என்ற பெண்ணுக்கு. அரையிறுதியில் அவர் எதிர்கொண்டது இந்தியாவின் மேரி கோமை.

கதவடைக்கப்பட்டவர்கள்

உலக அளவில் பட்டமே இல்லாமல் மிகப் பெரிய வீரராக மதிக்கப்படுபவர் சாம் லாங்ஃபோர்ட். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். உயரம் சுமார் 170 சென்ரிமீற்றர்; ஆனாலும் இலேசு நிறை முதல் கன நிறை வரை எல்லாப் பிரிவினரோடும் மோதினார். 1906இல் தன்னைவிட எடை மிகக் கூடிய ஜாக் ஜோன்சனிடம் புள்ளிகளில் தோற்றார். இரண்டு ஆண்டில் ஜோன்சன் உலகப் பட்டம் பெற்றபின் லாங்ஃபோர்டுக்கு மறுவாய்ப்புக் கொடுக்கவே இல்லை. நிறவெறியால் வெளியே நிறுத்தப்பட்ட ஒருவர் உள்ளே போனதும் அதே கதவை மற்றவருக்கு மூடியது இவ்விளையாட்டின் மிகக் கசப்பான பக்கம். லாங்ஃபோர்ட் அவுஸ்திரேலியாவுக்கும் போய், அதே சிட்னி ஸ்டேடியத்தில் சாம் மெக்வியோடு மோதினார். 1917இல் ஒரு சண்டையில் ஒரு கண் பார்வை போயிற்று. அதன் பிறகும் பிழைப்புக்காக ஆண்டுக்கணக்கில் மேடை ஏறினார். 1944இல் அல் லேனி என்ற நியூயோர்க் பத்திரிகையாளர் அவரைத் தேடிப் போனபோது, முற்றாகப் பார்வை இழந்து ஹார்லெமில் வறுமையில் இருந்தார். கட்டுரையைப் படித்த வாசகர்கள் அவருக்காகப் பணம் திரட்டினார்கள்.

லாங்ஃபோர்டுக்கும் முந்தியவர் பீட்டர் ஜாக்சன். மேற்கிந்தியத் தீவில் பிறந்து சிட்னியில் குத்துச்சண்டை கற்றவர். உலக வீரரான ஜோன் எல். சல்லிவன் கறுப்பினத்தவரோடு மோத மறுத்ததால் பட்டம் கைக்கு எட்டவில்லை. பின்னாளில் அந்தச் சல்லிவனையே வீழ்த்திய ஜேம்ஸ் கோர்பெட்டோடு 1891இல் 61 சுற்றுகள் மோதி முடிவில்லாமல் நின்றவர் இவர். பிட்ஸ்பர்க்கின் சார்லி பர்லி 1944இல் ஆர்ச்சி மூரைத் தோற்கடித்தார். மூர் பின்னர் உலகப் பட்டம் பெற்றார். பர்லி நகராட்சியில் குப்பை அள்ளும் வேலைக்குப் போனார்.

இந்தியாவின் ஹவா சிங் கதை வேறுவிதமானது. 1966, 1970 ஆசிய விளையாட்டு விழாக்கள் இரண்டிலும் கனநிறைத் தங்கம் வென்றவர். உலகம் அவரை அதிகம் அறியாது. ஆனால் ஓய்வுக்குப் பின் ஹரியானாவின் பிவானியில் அவர் இளைஞரைப் பயிற்றுவித்தார். அதே ஊரிலிருந்து விஜேந்தர் சிங் வந்து 2008இல் ஒலிம்பிக் வெண்கலம் பெற்றார். பிவானி அவரை மறக்கவில்லை. ஹென்றிகஸுக்கு அப்படி ஓர் ஊர் வாய்க்கவில்லை.

மேடையே இல்லாதவர்கள்

இந்த இரண்டு சாராரிலும் சேராமல், பயிற்சிக்கூடத்தையே எட்டாதவர்களும் உண்டு. இலங்கையின் கண்டியில் குத்துச்சண்டை நகரப் பாடசாலைகளின் விளையாட்டு. திரித்துவம், கிங்ஸ்வூட், தர்மராஜ, வித்யார்த்த, புனித சில்வெஸ்டர் போன்ற கல்லூரிகளில்தான் அது வளர்ந்தது. வத்தேகம வழியாக ஏறிப் போனால் வரும் பன்வில, மடுல்கலைத் தோட்டங்களின் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்தப் பயிற்சிக்கூடம் எட்டாத இடம். 1970களில் அரசு பொறுப்பேற்கும்வரை தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளோடு நின்றன. அதற்கு மேல், இலங்கை முதன்முதலாக ஒலிம்பிக் அணி அனுப்பிய அதே 1948இல் நிறைவேறிய பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாட்டின் பெயரை மார்பில் தாங்க முதலில் நாடு வேண்டும். இந்தத் தலைமுறைகளில் எத்தனை கைகள் கையுறை காணாமல் போயின என்பதற்கு எந்தப் பதிவேடும் இல்லை.

தமிழர் இவ்விளையாட்டுக்குப் புதியவரும் அல்லர். துறைமுகத் தொழிலாளரும் ரயில்வேத் தொழிலாளரும் வாழ்ந்த வட சென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் எனப் பரம்பரைகளாகப் பிரிந்து மோதினார்கள். 2021இல் வந்த திரைப்படம் அந்த மரபைப் பலருக்கு அறிமுகப்படுத்தியது. அதே சென்னையின் வி. தேவராஜன் 1994இல் பாங்கொக் உலகக் கோப்பையில் வெண்கலம் பெற்று அர்ஜுனா விருதும் வாங்கியவர். படம் பார்த்தவர்களிலேயே அவர் பெயரை அறிந்தவர் சிலர்தான். ஈழத்தமிழ்க் குடும்பத்தவரான துளசி தர்மலிங்கம் ஜெர்மனியில் வளர்ந்து, 2016 ரியோ ஒலிம்பிக்கில் கத்தார் நாட்டுக்காக மேடை ஏறினார்.