வண்ணச் சுருளில் பிறந்த கறுப்பு வெள்ளை

1923ஆம் ஆண்டு ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி தம் மனைவி, மூன்று பெண்மக்கள், தம்பி ஆகியோருடன் பசிபிக் பெருங்கடலிலுள்ள சமோவாத் தீவுகளுள் ஒன்றான சவாயீயில் வந்திறங்கினார். வட கனடாவின் பனிவெளியில் இனுவிட் மக்களிடையே அவர் எடுத்த 'நானூக்' முந்திய ஆண்டுதான் வெளிவந்து அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்திருந்தது. அதற்கு இணையானதொரு படத்தைத் தென்கடலிலிருந்து கொண்டுவருமாறு பாரமவுண்ட் நிறுவனம் அவரை அனுப்பியிருந்தது. சாஃபுனே என்னும் சிற்றூரில் தங்கி, குகையொன்றைச் சுருள் கழுவும் இருட்டறையாக ஆக்கிக்கொண்டு அவர் பணியைத் தொடங்கினார்.

அவர் கொண்டுசென்றவற்றுள் இருவகைக் கருவிகள் இருந்தன. ஒன்று, ஆக்லி என்னும் வழக்கமான படப்பிடிப்புக் கருவி. அதற்குரியது அந்நாளில் எல்லாரும் கையாண்ட ஆர்த்தோகுரோமாட்டிக் சுருள். மற்றொன்று, பிரிஸ்மா என்னும் வண்ணப்படக் கருவி. சோதனையாகச் சில காட்சிகளை வண்ணத்தில் பிடிக்கலாம் என்பது எண்ணம். பிரிஸ்மாவுக்குரிய சுருள் பான்குரோமாட்டிக், அதாவது சிவப்பு உட்பட எல்லா நிறங்களையும் உணரவல்லது. அக்கால வண்ணச் சுருள் என்பது உண்மையில் அதுதான். சாயம் எதுவும் அதில் இல்லை. நிறத்தை உணரத் தெரிந்த கறுப்பு வெள்ளைச் சுருள்; வெவ்வேறு நிறக் கண்ணாடிகள் வழியே அதில் மாறி மாறிப் பதிவாகும் படங்களிலிருந்தே பின்னர் வண்ணம் கூட்டப்பட்டது.

பிரிஸ்மா கருவி பழுதாயிற்று. ஆர்த்தோ சுருளில் எடுத்த காட்சிகளோ ஏமாற்றம் அளித்தன. சமோவா மக்களின் செம்பழுப்பு மேனி அதில் தட்டையான கருமையாகிவிட்டது. கன்னத்தின் வளைவும் தோளின் திரட்சியும் காணாமற்போயின. வண்ணத்திற்கென வைத்திருந்த சுருளைக் கறுப்பு வெள்ளைக் கருவியில் மாட்டிப் பார்த்தார் ஃபிளாஹெர்ட்டி. திரையில் தோன்றிய முகங்களுக்கு உயிர் வந்திருந்தது. அதன்பின் அச்சுருளையே மேற்கொண்டு அவர் எடுத்த 'மோவானா' 1926இல் வெளிவந்தது. இளைஞன் ஒருவன் பச்சை குத்திக்கொள்ளும் நீண்ட சடங்கு அப்படத்தின் உச்சம். பழுப்பு மேனியில் கருநீலக் கோடுகள். மேனியே கருமையாகிவிட்டிருந்தால் அந்தக் கோடுகள் எதன்மேல் தெரிந்திருக்கும்?

தமிழில் மாநிறம் என்றொரு சொல் உண்டு. கருமை, வெண்மை என்று இரண்டாகப் பிரித்துவிட்டு அகலாமல், இடையிலுள்ள பெருநிலத்திற்கும் பெயரிட்டு வைத்த சொல் அது. ஆர்த்தோ சுருளுக்கு அந்தச் சொல் தெரியாது. இதில் யாருடைய உள்நோக்கமும் இல்லை, வேதியியல்தான் காரணம் எனலாம். ஆயினும், வெளிறிய மேனியர் வாழும் நாடுகளில் பிறந்த சுருள் அங்கே கண்ட குறைகளை ஒப்பனைப் பூச்சால் மறைத்துக்கொண்டு நெடுங்காலம் செல்ல முடிந்தது என்பதும் உண்மை. சவாயீயில் பூச்சுக்கு இடமில்லை.

அந்த வேதியியலைச் சற்றே விளக்க வேண்டும். ஒளியால் மாறும் வெள்ளி உப்புகள் இயல்பாக நீலத்தையும் ஊதாவையுமே உணரும். ஆகவேதான் 19ஆம் நூற்றாண்டு நிழற்படங்களில் முகிலற்ற வானமும் முகில் நிறைந்த வானமும் ஒருபோல வெளுத்துக் கிடக்கின்றன, செந்துணி கருந்துணியாகிறது. பழைய குடும்பப் படங்களில் நெற்றிக் குங்குமம் மைப்பொட்டுப்போலத் தோன்றுவதும் இதனாலேயே. 1873இல் பெர்லினில் ஹெர்மன் வில்லெம் ஃபோகல் என்பார், சில சாயங்களைக் கலந்தால் வெள்ளி உப்புகள் பிற நிறங்களையும் உணரும் என்று கண்டார். அவ்வழியே பச்சையையும் உணரும் ஆர்த்தோ தகடுகள் வந்தன. சிவப்பையும் சேர்த்துணரும் பான்குரோமாட்டிக் தகடுகளை இங்கிலாந்தின் ராட்டன் அண்டு வெயின்ரைட் நிறுவனம் 1906இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எனினும் இருட்டறைக்காரர்கள் அதனை உடனே வரவேற்கவில்லை. ஆர்த்தோவுக்குச் சிவப்பு தெரியாது என்பதால் செவ்விளக்கின் கீழே படம் தோன்றுவதைக் கண்ணால் பார்த்துக் கழுவ முடிந்தது. எல்லா நிறமும் உணரும் சுருளை முழு இருளில், கடிகாரத்தையும் கைப்பழக்கத்தையும் நம்பியே கழுவ வேண்டும்.

இனி, நிறங்களைச் சாம்பலாக மாற்றும்போது எந்த நிறத்திற்கு எவ்வளவு சாம்பல் என்பதை யார் முடிவு செய்வது? பான்குரோமாட்டிக் சுருளில் அம்முடிவு படம் பிடிப்பதற்கு முன்பே எடுக்கப்பட வேண்டும். 1927 ஏப்ரலில் ஆன்சல் ஆடம்ஸ் கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஹாஃப் டோம் என்னும் பாறை முகத்தின்முன் நின்றபோது அவரிடம் எஞ்சியிருந்தவை இரண்டே தகடுகள். முதலாவதை மஞ்சள் கண்ணாடி வழியே பதிவு செய்தார். அது போதாது, பாறையின் பின்னே வானம் தம் மனத்தில் எழுந்த அளவு கருமை கொள்ளாது என்று தோன்றவே, கடைசித் தகட்டுக்கு ஆழ்சிவப்புக் கண்ணாடியைப் பொருத்தினார். வானம் ஏறத்தாழக் கருமையாயிற்று. உலகறிந்த படம் அந்த இரண்டாவதே. தவறியிருந்தால் திருத்த மற்றொரு தகடு இல்லை.

வண்ண நெகட்டிவ் சுருள் பரவியபின் இந்த முடிவைத் தள்ளிப்போடும் வாய்ப்புப் பிறந்தது. 1942இல் கோடக் நிறுவனத்தின் கோடாகலர் வந்தது. அப்பத்தாண்டின் இறுதிக்குள் நெகட்டிவ் முழுவதும் படர்ந்த செம்மஞ்சள் பூச்சும் சேர்ந்துகொண்டது. சுருளிலுள்ள சாயங்களின் தூய்மைக் குறைவை ஈடுசெய்யவே அப்பூச்சு. வண்ணப் படம் அச்சிடுவோர்க்கு அது பேருதவி. அதே நெகட்டிவிலிருந்து கறுப்பு வெள்ளைப் படம் அச்சிட முனைந்தோர்க்கோ இடையூறு. சாதாரணக் கறுப்பு வெள்ளை அச்சுத்தாள் நீலத்தையே பெரிதும் உணர்வது. செம்மஞ்சள் பூச்சு தடுப்பதும் நீலத்தையே. தாளை நெடுநேரம் ஒளியில் காட்ட வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. நெகட்டிவில் செந்நிறப் பொருள் பசுநீலச் சாயமாகப் பதிந்திருக்கும். செவ்வொளியை அறியாத தாளுக்கு அந்தச் சாயம் வெறும் கண்ணாடிக்கு ஒப்பாகும். ஒளி தடையின்றிப் பாய்ந்து அவ்விடம் கறுத்துவிடும். நீல வானமோ மஞ்சள் சாயமாகப் பதிந்து, நீல ஒளியைத் தடுத்து, தாளில் வெளுத்துவிடும். சிவப்பு கருமை, வானம் வெண்மை! ஃபிளாஹெர்ட்டி சவாயீயில் கைவிட்ட அதே குறை, சுருளிலிருந்து நீங்கித் தாளில் வந்து குடிகொண்டது.

இதற்கு மாற்றாகக் கோடக் நிறுவனம் வழங்கியது பனலூர் என்னும் தாள். எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாட்டிக் அச்சுத்தாள் அது. சிவப்பறிந்த தாள் என்பதால் இருட்டறையின் வழக்கமான விளக்கை மீண்டும் அணைக்க வேண்டியதாயிற்று.

இத்தாளின் அருமையை உணர்ந்தவர்களுள் செய்தித்தாள் நிழற்படக்காரர்கள் முக்கியமானவர்கள். 1980களில் மேலைநாட்டு நாளிதழ்கள் சில பக்கங்களை வண்ணத்திலும் ஏனையவற்றைக் கறுப்பு வெள்ளையிலும் அச்சிட்டன. காலையில் எடுக்கும் படம் எந்தப் பக்கத்திற்குப் போகும் என்பது மாலையில்தான் தெரியும். இரண்டு கருவிகளைத் தோளில் சுமப்பதற்கு மாற்றாக வண்ண நெகட்டிவை மட்டுமே மாட்டிச் செல்லும் வழக்கம் பரவியது. அச்சிடும் அவசரத்தில் சாதாரணத் தாளைக் கையாண்டால் விளைவு என்ன? விளையாட்டுத் திடலில் செஞ்சட்டை அணிக்கும் கருஞ்சட்டை அணிக்கும் வேறுபாடு தெரியாது. அது சிறிய இழப்பு. சாலையில் தேங்கியிருப்பது குருதியா எண்ணெயா என்று தெரியாமற்போனால் அது சிறியதன்று. பார்த்தவன் கண்ட சாட்சியத்தைத் தாள் திருத்தி எழுதிவிடுகிறது. கறுப்பு வெள்ளைப் படம் உள்ளதை உள்ளபடி காட்டும் என்று நம்பிப் பழகிய வாசகர்க்கு, சாம்பலின் ஒவ்வோர் அளவும் எங்கோ ஒருவர் எடுத்த முடிவு என்பது தோன்றுவதில்லை. கோடக் நிறுவனம் 2005இல் கறுப்பு வெள்ளைத் தாள் தயாரிப்பையே நிறுத்தியபோது பனலூரும் மறைந்தது.

தொலைக்காட்சியில் இந்த முடிவு ஒரு கணக்காகவே எழுதிவைக்கப்பட்டது. 1953இல் அமெரிக்காவில் வகுத்த வண்ண ஒளிபரப்பு முறையில், கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கென அனுப்பும் ஒளியளவில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பங்கு சிவப்பு, 59 பங்கு பச்சை, 11 பங்கு நீலம். இக்கணக்கு பிற முறைகளுக்கும் சென்றது. 1982இல் இந்தியாவில் வண்ண ஒளிபரப்புத் தொடங்கிய பின்னரும் எத்தனையோ வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டியே இருந்தது. அவ்வீடுகளில் அமர்ந்து பட்டுப்புடவைகளின் நிறத்தை ஊகித்தவர்கள், தாம் அறியாமலே இந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

திரைப்படத்தில் இவ்வழக்கம் முழுமையடைந்தது இந்த நூற்றாண்டில். கோயன் உடன்பிறப்புகளின் 'தி மேன் ஹூ வாஸன்ட் தேர்' 2001இல் வந்தது. ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் அதனை வண்ண நெகட்டிவில் எடுத்துக் கறுப்பு வெள்ளைச் சுருளில் அச்சிட்டார். காரணங்கள் இரண்டு. வண்ணச் சுருள் பல தலைமுறை மேம்பாடு கண்டிருக்க, கறுப்பு வெள்ளைத் திரைச்சுருள் பழைய நிலையிலேயே நின்றிருந்தது. கோடக்கின் டபுள்எக்ஸ் 1959இல் அறிமுகமானது. மற்றொரு காரணம் வணிகம். சில விற்பனை ஒப்பந்தங்கள் வண்ணப் பிரதியும் இருந்தாக வேண்டும் என்றன. கலைஞன் கறுப்பு வெள்ளையில் கண்ட படத்திற்குள் வண்ணப்படம் ஒன்று பிணையாக இருத்தி வைக்கப்பட்டது என்றே சொல்ல வேண்டும். ஆடம்ஸின் கடைசித் தகட்டுக்கு அத்தகைய பிணை எதுவும் இல்லை.

2005இல் ஜார்ஜ் குளூனி இயக்கிய 'குட் நைட், அண்ட் குட் லக்' படத்திலும் ராபர்ட் எல்ஸ்விட் வண்ணச் சுருளையே கையாண்டார். அரங்கமைப்பே சாம்பல் சாயல்களில் செய்யப்பட்டிருந்தது. அதில் செனட்டர் மக்கார்த்தியாக நடிகர் எவரும் வரவில்லை. 1950களில் பதிவான மக்கார்த்தியின் காட்சிகளே இடம்பெற்றன. நடிப்பு, ஆவணம் இரண்டும் ஒரே சாம்பலில் கலக்க வேண்டியிருந்ததால் இங்குக் கறுப்பு வெள்ளை அலங்காரமாகாமல் கதையின் தேவையாயிற்று.

மூன்றாவது, மைக்கேல் ஹானெக்கேயின் 'வெண் ரிப்பன்', 2009. முதல் உலகப்போருக்குச் சற்று முந்திய வட ஜெர்மானியச் சிற்றூர் ஒன்றின் கதை. வீடுகளில் மெழுகுவத்தியும் எண்ணெய் விளக்கும் தரும் ஒளியிலேயே காட்சிகள் அமைய வேண்டும் என்பது விருப்பம். அவ்வளவு மங்கிய ஒளியைத் தாங்கும் உணர்திறன் கறுப்பு வெள்ளைச் சுருளுக்கு இல்லை. வண்ணச் சுருளுக்கு இருந்தது. கிறிஸ்டியன் பெர்கர் வண்ணத்தில் எடுக்க, பின்னர்க் கணினியில் நிறம் நீக்கப்பட்டது. மூன்று படங்களுமே ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றன. மூன்றும் பரிசு பெறவில்லை. மூன்றனுள் 'வெண் ரிப்பன்' மட்டுமே வண்ணச் சுருள் இன்றி ஆகியிருக்க முடியாத படம். இருளில் குழந்தைகளின் முகம் அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்தான் அக்கதையின் அச்சமே இருக்கிறது.

இத்தனை வசதிக்கும் ஒரு விலை உண்டு. வழக்கமான கறுப்பு வெள்ளை நெகட்டிவில் படமாக நிற்பது வெள்ளி. வண்ண நெகட்டிவில் வெள்ளி முழுவதும் கரைத்து அகற்றப்பட்டுச் சாயமே எஞ்சுகிறது. சாயம் நாளடைவில் மங்கும். 1980இல் மார்ட்டின் ஸ்கார்செஸி வண்ணச் சுருள்கள் வெளிறிப்போவதை எதிர்த்துத் திரைத்துறையினரைத் திரட்டிக் குரல் எழுப்பினார். அதே ஆண்டு வெளிவந்த தம் 'ரேஜிங் புல்' படத்தை அவர் கறுப்பு வெள்ளையில் எடுத்ததற்கு இந்தக் கவலையும் ஒரு காரணம். வண்ணத்தில் பிறந்த கறுப்பு வெள்ளைப் படத்திற்கோ மூலம் சாயம். நிலைத்து நிற்கும் என்று தோற்றம் தருவது அதன் அச்சுப்பிரதி.

மறுபுறம், வண்ணப் படங்களைக் காக்க விரும்பும் நிறுவனங்கள் நெடுங்காலமாகச் செய்துவருவது நேர் எதிரானது. ஒரு வண்ணப் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றாகப் பிரித்து, மூன்று கறுப்பு வெள்ளைச் சுருள்களில் வெள்ளியாகப் பதித்துக் குளிரறையில் வைக்கின்றனர். அம்மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக மீண்டும் அச்சிட்டால் வண்ணம் திரும்பும். எடுத்துப் பார்ப்பவர் கைக்கு மூன்றும் சாம்பல் சுருள்களே. எது சிவப்புக்குரியது என்பதைப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்தே அறிகிறார்கள்.