செய்மதிகளும் கொழும்பும்

கோளொன்றைச் சுற்றிவருவது துணைக்கோள். பூமிக்கு இயற்கை தந்தது சந்திரன். மனிதர் செய்து ஏவியவை செய்மதிகள். இரண்டுக்கும் விதி ஒன்றே. ஈர்ப்பினால் ஓயாமல் விழுந்துகொண்டேயிருக்கும். பக்கவாட்டில் விரையும் வேகத்தால் தரையில் வந்து மோதாது. உயரம் கூடினால் வேகம் குறையும், சுற்றுக்காலம் நீளும். 400 கி.மீ. உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 92 நிமிடம். 3,84,400 கி.மீ. தள்ளியுள்ள சந்திரனுக்கு 27.3 நாள். அதற்குள் பூமியும் சூரியனைச் சுற்றி நகர்ந்துவிடுவதால், பௌர்ணமிக்குப் பௌர்ணமி 29.5 நாள் ஆகிறது. பௌர்ணமியில் வரும் இலங்கையின் போயா விடுமுறை ஆண்டுதோறும் திகதி மாறுவதும், சில ஆண்டுகளில் பதின்மூன்று போயா வருவதும் இதனாலேயே.

தாழ்ந்து சுற்றும் செய்மதிக்கும் சந்திரனுக்கும் இடையே, 35,786 கி.மீ. உயரத்தில், சுற்றுக்காலம் 23 மணி 56 நிமிடம். அதாவது பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் நேரம். மத்தியகோட்டுக்கு நேர்மேலே அங்கு நிறுத்திய செய்மதி அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். இந்தப் பாதையை 1920களின் இறுதியிலேயே பொறியியலாளர் ஹெர்மன் பொட்டொச்னிக் குறிப்பிட்டிருந்தார். ஆனால் மூன்று நிலையங்களைக் கொண்டு உலகெங்கும் ஒலிபரப்பலாம் என்று 1945 ஒக்டோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் விளக்கியவர் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். வால்வு மாற்ற அங்கே ஆட்கள் இருக்க வேண்டிவரும் என்று அவர் நினைத்தார். டிரான்சிஸ்டர் வராத காலம். காப்புரிமையும் பெறவில்லை.

கிளார்க் 1956இல் இலங்கையில் குடியேறினார். மறு ஆண்டு முதல் செய்மதியான ஸ்புட்னிக் பறந்தது; 1964இல் சின்கொம்-3 அவர் சொன்ன பாதையிலேயே போய் நின்றது. 1975இல் இந்தியா, அமெரிக்காவிடம் இரவல் பெற்ற ஏ.டி.எஸ்.-6 செய்மதி வழியாக ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளை ஒளிபரப்பியது. அதைப் பார்க்கவென இஸ்ரோ பொறியியலாளர்கள் கொழும்பில் கிளார்க்கின் வீட்டில் ஒரு டிஷ் பொருத்திக் கொடுத்தார்கள். நாட்டில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியதோ 1979இல்தான்! ஊரில் ஒளிபரப்பே இல்லாத நாளில் விண்ணிலிருந்து படம் இறங்கிய வீடு அது.

இன்று வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை மாடிவீடுகளில் தமிழ் அலைவரிசைகளுக்காகப் பூட்டிய டிஷ்களுக்குப் பஞ்சமில்லை. கொழும்பு 7 பாகை வட அகலாங்கில் இருப்பதால் மத்தியகோட்டின் மேலுள்ள ஒளிபரப்புச் செய்மதிகள் உச்சிக்கு அருகிலேயே நிற்கின்றன. டிஷ்ஷை மேல்நோக்கிச் சரிக்க வேண்டும். இலண்டனில் இருக்கும் உறவினரின் டிஷ் சுவரோடு நிமிர்ந்து நிற்பது அங்கே செய்மதி தாழ்வானில் தெரிவதால். மார்ச்சிலும் செப்டெம்பரிலும் சம இரவு நாட்களையொட்டிச் சூரியன் செய்மதிக்கு நேர்பின்னே வரும்போது சில நிமிடம் படம் குழம்பும். டிஷ்ஷில் பழுதில்லை, ஆளைக் கூப்பிட்டுக் காசை வீணாக்க வேண்டியதில்லை.

2012இல் சீனா ஏவிய செய்மதியொன்றை இலங்கையினது என்று சிலர் கொண்டாடினர். இலங்கை நிறுவனத்துக்கு இருந்தது அதில் ஒரு பங்கு மட்டுமே. இலங்கையர் வடிவமைத்த முதல் செய்மதி இராவணா-1. மொறட்டுவையிலுள்ள ஆர்தர் சி. கிளார்க் நிறுவனத்தின் பொறியியலாளர் இருவர் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கழகத்தில் செய்த, ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள கனசதுரம் அது. 2019 ஏப்ரலில் விண்வெளி நிலையத்துக்குப் போய், ஜூன் 17இல் விடப்பட்டது. அந்த நிலையம் சுற்றும் 400 கி.மீ. உயரத்திலும் சிறிது காற்று உண்டு. அது வேகத்தைத் தின்ன, 2021இல் இராவணா-1 கீழிறங்கி எரிந்துபோனது. கிளார்க்கின் பாதையில் அந்த உராய்வு இல்லை. அங்கே ஆயுள் முடிந்தவற்றை எஞ்சிய எரிபொருளால் சில நூறு கி.மீ. உயரே தள்ளி ஒதுக்கிவிடுகிறார்கள்.