நால்வரின் இசை: ‘தி கிளாஷ்’ ஜோ ஸ்ட்ரம்மர்

ஜோ ஸ்ட்ரம்மர் (1952–2002), லண்டனில் 1976-இல் தொடங்கிய ‘தி கிளாஷ்’ பங்க் ராக் குழுவின் பாடகர், கிட்டார் கலைஞர். துருக்கியின் அங்காராவில் பிறந்தவர்.

வேகமும் கோபமும் பங்க் இசையின் அடையாளம். கிளாஷ் அதோடு நின்றுவிடவில்லை. 1977-இல் வந்த முதல் இசைத்தட்டிலேயே ஜமைக்காவின் ரெகே பாடல் ஒன்றைப் பாடியது. 1979-இல் ‘லண்டன் காலிங்’ ஸ்காவையும் ஜாஸையும் சேர்த்தது. 1980-இல் மூன்று தட்டுகளாக வந்த ‘சாண்டினிஸ்டா’வில் ராப்பும் இடம்பெற்றது.

பாணி மாறியபோதும் வளர்ந்த குழு, ஆள் மாறியபோது சரிந்தது. 1982-இல் டிரம்ஸ் கலைஞர் டாப்பர் ஹெடன் போதைப் பழக்கத்தால் நீக்கப்பட்டார். 1983-இல் கிட்டார் கலைஞர் மிக் ஜோன்ஸ் வெளியேற்றப்பட்டார். நால்வருக்குள் கூடிவந்த பொருத்தத்தைக் கலைத்தது தவறு என்று ‘வெஸ்ட்வே டு தி வேர்ல்ட்’ ஆவணப்படத்தில் ஸ்ட்ரம்மர் பின்னர் வருந்தினார்.

2002 நவம்பர் 15-இல், தீயணைப்பு வீரர்களுக்கான நிதி திரட்டும் நிகழ்ச்சியில் ஜோன்ஸ் மேடையேறி அவருடன் மீண்டும் வாசித்தார். டிசம்பர் 22-இல் ஸ்ட்ரம்மர் இதயக் கோளாறால் காலமானார்.

ஈழத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த பாடகி எம்.ஐ.ஏ., 2007-இல் ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலில் கிளாஷின் இசையைப் பயன்படுத்தினார். அதன் படைப்பாளர் பட்டியலில் ஸ்ட்ரம்மர், ஜோன்ஸ், ஹெடன், பால் சைமனன் ஆகிய நால்வரின் பெயர்களும் சேர்ந்தே உள்ளன.