தாதியர் தலைமை: ஸ்குட்டாரி தந்த பாடம்

ஆஸ்பத்திரியில் நாம் ‘மிஸ்ஸி’ என்று மரியாதையோடு அழைக்கும் தாதியரை எல்லாரும் அறிவோம். அவர்கள் ஊசி போடுவதையும் மருந்து கொடுப்பதையும் பார்க்கிறோம். பல தாதியரை ஒன்றிணைத்து வேலை வாங்கும் தலைமையோ நம் கண்ணில் படுவதில்லை. அதன் வரலாற்றில் ஒரு பகுதியை இன்று காண்போம்.

1854ஆம் ஆண்டு கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்தது. காயமுற்ற பிரிட்டிஷ் வீரர்கள், இஸ்தான்புல்லுக்கு எதிர்க்கரையிலுள்ள ஸ்குட்டாரிக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்டனர். அங்கே ஒரு படைவீடே ஆஸ்பத்திரியாக மாற்றப்பட்டிருந்தது. நவம்பர் 4ஆம் நாள் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 38 தாதியருடன் அங்கு வந்து சேர்ந்தார்.

அந்த 38 பேரும் ஒரே இனத்துப் பறவைகள் அல்லர். பத்துப் பேர் கத்தோலிக்கக் கன்னியர். பதினான்கு பேர் ஆஸ்பத்திரிகளில் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள். மற்றவர்கள் ஆங்கிலிக்கன் சமய அமைப்புகளிலிருந்து வந்தவர்கள். சமயம் எதுவானாலும், நோயாளியைக் கவனிக்கும் வேலையில் ஒருவர் சொல்லையே கேட்பது என்ற உடன்பாடு புறப்படும் முன்பே செய்யப்பட்டிருந்தது.

ராணுவ டாக்டர்களோ அவர்களை வரவேற்கவில்லை. “டாக்டர் அழைக்காமல் எவரும் நோயாளியிடம் போகக்கூடாது” என்று அம்மையார் கட்டளையிட்டார். பக்கத்து அறையில் வீரர்கள் முனகும்போது, தாதியர் துணிகளைப் பிரித்து அடுக்கினர், தலையணை தைத்தனர். சிலர் முணுமுணுத்தனர். மறுநாளே இங்கர்மன் போர் மூண்டது. சில நாள்களில் காயமுற்றோர் வெள்ளமாக வந்து குவிந்தனர். டாக்டர்களே தாதியரை அழைத்தார்கள். பொறுமையும் கட்டுப்பாடும் கதவைத் திறந்துவிட்டன.

அம்மையாரிடம் குறையே இல்லையா? இருந்தது. டிசம்பரில், தம்மைக் கேளாமல் இரண்டாவது குழு அனுப்பப்பட்டபோது கடுஞ்சினம் கொண்டார். அந்தப் பிணக்கு எளிதில் தீரவில்லை. ஆனால் பிறர் சிறப்பை ஒப்புக்கொள்ளும் மனமும் அவரிடம் இருந்தது. கன்னியர் மடத்துத் தலைவி மேரி கிளேர் மூர், தம்மைவிடத் தலைமைக்குத் தகுதியானவர் என்று அவருக்கே கடிதம் எழுதினார்.

இன்னோர் உண்மையையும் மறைக்கலாகாது. தாதியர் வந்த பிறகும் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 42 பேர் வரை இறந்தனர். கட்டடத்தின் அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது. மார்ச் மாதம் வந்த சுகாதாரக் குழுவினர் சாக்கடையைச் சுத்தம் செய்து, நல்ல காற்று வர வழி செய்தார்கள். ஜூன் மாதத்தில் அந்த எண்ணிக்கை நூற்றுக்கு 2 அளவுக்கு இறங்கியது. அம்மையார் தாயகம் திரும்பி, வில்லியம் ஃபார் என்னும் புள்ளிவிவர அறிஞருடன் கணக்குகளை ஆராய்ந்தார். சுகாதாரக் கேடே பலரைக் கொன்றது என்று கண்டு, அதை உலகறியச் சொன்னார். புகழ் தமக்கே இருக்கட்டும் என்று அவர் வாளாவிருக்கவில்லை.

1859இல் வெளிவந்த தாதிமை பற்றிய தம் நூலில், ஓர் அத்தியாயத்தை இந்த நிர்வாகத்துக்கே ஒதுக்கினார். பொறுப்பாளர் இருக்கும்போது நடக்கும் வேலை, அவர் இல்லாதபோதும் நடக்க ஏற்பாடு வேண்டும் என்பதே அதன் சாரம். மறு ஆண்டு லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் தாதியர் பள்ளி தொடங்கியது. அங்குப் பயின்ற லூசி ஆஸ்பர்ன் 1868இல் ஐந்து தாதியருடன் சிட்னிக்குச் சென்று பணி தொடங்கினார். கைவிளக்கு ஒன்று பல விளக்குகளை ஏற்றியது!

நேயர்களே, மண்டோர் முதுகைத் திருப்பியதும் வேலை நின்றுவிட்டால், குறை வேலையாட்களிடம் மட்டுமா இருக்கிறது? கோயில் திருப்பணியோ பெற்றோர் சங்கமோ, நாம் பொறுப்பேற்கும் இடத்தில், நமக்குப் பின் அதை நடத்த யாரைப் பழக்கியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்போம். பள்ளியில் படிக்கும் நம் பெண்பிள்ளைகளுக்கும் இந்த வரலாற்றைச் சொல்வோம். நாளை ஒரு வார்டுக்குத் தலைமை ஏற்கப் போகிறவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.