தேதி வெட்டுப்பட்ட ஜெராக்ஸ்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு நான் செஞ்ச ஒரு தப்பை ஒத்துக்கிட்டு ஆரம்பிக்கிறேன்.

2016. காலேஜ் மூணாவது வருஷம், கோயம்புத்தூர் பக்கம் ஒரு ஹாஸ்டல். என் ரூம்மேட் லேப்டாப்பில் விண்டோஸும் ஒரு பழைய உபுண்டுவும் இருந்தன. புது வெர்ஷன் போட ஒரு பூட்டபிள் பென்டிரைவ் வேண்டும். "குடுறா, நான் பண்ணித் தர்றேன்"னு வாங்கியது நான்தான். அன்று ஹாஸ்டலில் நெட் இல்லை. ஆனால் சீனியர்கள் விட்டுப்போன ஸ்பைரல் பைண்டிங் ஜெராக்ஸ் ஒன்று இருந்தது. லினக்ஸ் இன்ஸ்டால் பண்ணுவது எப்படின்னு படிப்படியாகப் போட்டிருந்தது. அதில் "டிடி" என்று ஒரு கமாண்ட். ஓரிடத்தில் இருப்பதை இன்னோரிடத்தில் பைட் பைட்டாக அப்படியே எழுதும். "நிஜமாவா? உறுதியா?"ன்னு ஒரு கேள்விகூடக் கேட்காது. எங்கே எழுதணும்னு பேப்பரில் "எஸ்டிஏ"ன்னு இருந்தது. அப்படியே அடித்தேன்.

சில நிமிஷம் ஓடியது. பென்டிரைவில் இருக்கும் குட்டி லைட் ஒரு தடவைகூட மின்னவில்லை. அப்பவே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நான் எழுதியது பென்டிரைவில் இல்லை, ரூம்மேட்டின் ஹார்ட் டிஸ்க்கில். பார்ட்டிஷன் டேபிள் காலி. விண்டோஸ் காலி. அவனுடைய அக்கா கல்யாண போட்டோ மொத்தமும் அதில்தான் இருந்தது.

இதில் ரொம்ப நாள் என்னை உறுத்தியது ஒரு விஷயம். அந்த ஜெராக்ஸில் தப்பு எதுவும் இல்லை. அதை எழுதிய காலத்தில் லினக்ஸ் கணினியின் ஐடிஇ ஹார்ட் டிஸ்க்கை "ஹெச்டிஏ" என்று அழைக்கும். யூஎஸ்பி பென்டிரைவ் ஸ்கஸி கணக்கில் வரும் என்பதால் அதன் பெயர் "எஸ்டிஏ". அப்புறம் கெர்னலில் டிஸ்க்கைக் கையாளும் பகுதி மாறியது. 2007 வாக்கில் பெரிய டிஸ்ட்ரோக்கள் அந்தப் புது முறைக்கு வந்தபோது ஹார்ட் டிஸ்க்கே "எஸ்டிஏ" ஆகிவிட்டது. ஒரு காலத்தில் பென்டிரைவின் பெயர், இப்போ ஹார்ட் டிஸ்க்கின் பெயர். பேப்பரில் தேதி இருந்திருந்தால் நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். மேல் ஓரம் ஜெராக்ஸில் வெட்டுப்பட்டிருந்தது. எழுதியவர் பெயரும் தேதியும் அந்த ஓரத்தோடு போயிருந்தன.

வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் ஒரு கேள்வி வந்தது. சம்பளம் வாங்காமல், ஒருவரை ஒருவர் பார்க்காமல், உலகம் முழுக்க இருக்கிறவர்கள் சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதுகிறார்கள், சரி. அதை எப்படிப் பயன்படுத்தணும்னு யார் எழுதுகிறார்கள்? எழுதிய பிறகு அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? இன்னைக்கு எபிசோட் அதைப் பற்றித்தான்.

லினக்ஸ் வருவதற்கு இருபது வருஷம் முன்னாடியிலிருந்து ஆரம்பிக்கணும். 1971 நவம்பர் 3. அமெரிக்காவின் பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸுக்கு முதல் கையேட்டைக் கொண்டுவருகிறார்கள். ஒரு கமாண்டுக்கு ஒரு பக்கம். நாம் இன்றும் டெர்மினலில் "மேன்" என்று அடித்துப் பார்க்கும் பக்கங்களின் பாட்டி அதுதான்.

அந்தப் பக்கங்களில் மூன்று விஷயம் கவனிங்க. ஒன்று, தலைப்பிலேயே தேதி இருக்கும். இரண்டு, "பக்ஸ்" என்று ஒரு பகுதி. இந்த கமாண்ட் எங்கே சொதப்பும் என்று அதை எழுதியவர்களே ஒத்துக்கொள்ளும் இடம். மூன்று, "ஓனர்" என்று ஒரு பகுதி. சிக்கல் வந்தால் யாரைப் போய்க் கேட்பது என்று அதில் சுருக்கெழுத்து இருக்கும். தாம்சன், ரிச்சி, ஒசானா, மோரிஸ் என நாலு பேர்தான். ஓனர் யார் என்பதற்கு அவர்கள் வைத்திருந்த விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும்: கடைசியாக யார் கை வைத்தாரோ அவர்தான் சொந்தக்காரர். முதலில் எழுதியவர் வேறு ஆளாக இருக்கலாம்.

எப்போது எழுதியது, எது வேலை செய்யாது, யாரைக் கேட்பது. அந்த மூணு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க. அடுத்த ஐம்பது வருஷக் கதையில் இந்த மூன்றும் தொலைவதையும் திரும்பக் கிடைப்பதையும்தான் பார்க்கப் போகிறோம். பிற்காலப் பதிப்புகளில் "ஓனர்" பகுதி போய்விட்டது. நாலு பேர் ஒரே கட்டிடத்தில் இருந்தவரை செல்லுபடியான ஏற்பாடு அது.

1991 ஆகஸ்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கியிலிருந்து தன் புது இயங்குதளத்தைப் பற்றி அறிவிக்கிறார். அடுத்த வருஷமே ஒரு பிரச்சினை தெரிந்துவிட்டது. ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள், பதில் ஒரே இடத்தில் இல்லை. 1992-ல் லினக்ஸ் டாக்குமென்டேஷன் புராஜெக்ட் தொடங்கியது. சுருக்கமா எல்டிபி. மேட் வெல்ஷ் இன்ஸ்டால் செய்து பழகுவதற்கான கையேட்டை எழுதினார். லினஸுடன் ஒரே பல்கலைக்கழகத்தில் படித்த லார்ஸ் விர்செனியஸ் சிஸ்டம் நிர்வாகத்துக்கு எழுதினார். ஓலாஃப் கிர்ச் நெட்வொர்க்குக்கு எழுதினார். மைக்கேல் ஜான்சன் கெர்னல் உள்ளே நோண்டுபவர்களுக்கு எழுதினார். கிர்ச்சின் புத்தகத்தை 1995-ல் ஓ'ரைலி அச்சிட்டு விற்றது. அதே புத்தகம் நெட்டில் இலவசமாகவும் கிடைத்தது.

ஆனால் தடிப் புத்தகத்தால் எல்லாவற்றையும் சமாளிக்க முடியாது. என் மோடம் வேலை செய்யலைன்னு தவிக்கிறவனுக்கு முந்நூறு பக்கம் எதுக்கு? அதனால் வந்தவைதான் "ஹௌ-டூ"க்கள். ஒரு வேலைக்கு ஒரு ஆவணம். பிரிண்டருக்கு ஒன்று, சவுண்ட் கார்டுக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று. நூற்றுக்கணக்கில் வந்தன. டிஸ்ட்ரோ சிடிக்களிலேயே சேர்த்துக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றின் தலையிலும் பராமரிப்பவர் பெயர், மின்னஞ்சல், பதிப்பு எண், தேதி. பெல் லேப்ஸின் "ஓனர்" வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.

இது அழகான ஏற்பாடு. ஆனால் ஒரு ஆவணத்துக்கு ஒரு ஆள். அந்த ஆளுக்கு வேலை மாறும், குழந்தை பிறக்கும், அந்த மோடமே வீட்டில் இருக்காது. ஆவணம் மட்டும் அதே பெயரோடு, பதில் வராத அதே மின்னஞ்சலோடு நிற்கும்.

சரி, வேறு யாராவது திருத்தலாமே? இங்கேதான் லைசென்ஸ் குறுக்கே வருகிறது. ஆரம்பகால எல்டிபி ஆவணங்களில் பலவற்றின் விதிப்படி, நகலெடுத்துக் கொடுக்கலாம், ஆனால் மாற்றி வெளியிட ஆசிரியரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். ஆசிரியரையே காணோம் என்றால் சம்மதத்தை யாரிடம் வாங்குவது? மென்பொருளைத் திருத்தலாம், அதன் கையேட்டைத் திருத்தக்கூடாது. வினோதமா இல்லை?

ரிச்சர்ட் ஸ்டால்மன் இதையே வேறு பக்கத்திலிருந்து பேசிக்கொண்டிருந்தார்: கட்டற்ற மென்பொருளுக்குக் கட்டற்ற கையேடு வேண்டும். 2000 மார்ச்சில் குனு ஃப்ரீ டாக்குமென்டேஷன் லைசென்ஸ் வந்தது. அதிலும் ஒரு முடிச்சு. ஆவணத்தின் சில பகுதிகளை "மாற்றவே கூடாது" என்று ஆசிரியர் பூட்டி வைக்கலாம். டெபியன் ஆட்கள் இதை ஏற்கவில்லை. 2006-ல் உறுப்பினர்கள் வாக்கெடுப்பே நடத்தினார்கள். பூட்டிய பகுதி இல்லையென்றால் அந்த லைசென்ஸ் ஓகே, இருந்தால் அந்த ஆவணம் கட்டற்றது ஆகாது. இதுதான் முடிவு. அதன்படி ஈமேக்ஸ் மாதிரி பிரபலமான குனு மென்பொருளின் கையேடே டெபியனின் முக்கியத் தொகுப்புக்கு வெளியே நின்றது. ஒரு மேனுவலுக்கு இவ்வளவு சண்டையா என்று கேட்கலாம். ஜெராக்ஸைத் திருத்த முடியாததன் விலையைப் பார்த்தவன் நான். எனக்கு அந்தச் சண்டை புரிகிறது.

இதற்குள் விக்கி வந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், அனுமதி வேண்டாம், ஒரு ஆளை நம்பி இருக்க வேண்டாம். ஜென்டூ லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் ஒரு பெரிய விக்கியை வளர்த்திருந்தார்கள். அதிகாரபூர்வமானது இல்லை, ஆனால் எல்லாரும் அங்கேதான் போவார்கள். 2008-ல் அதன் டேட்டாபேஸ் போய்விட்டது. உருப்படியான பேக்கப் இல்லை. சர்ச் என்ஜின் கேஷ்களில் மிச்சமிருந்த பக்கங்களை ஆட்கள் பொறுக்கி எடுத்தார்கள். எழுதியவர்கள் நிறைய பேர் இருந்தார்கள். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மட்டும் ஊருக்குப் பொதுவாக இல்லை.

ஆர்ச் லினக்ஸ் விக்கியை இதோடு ஒப்பிட்டுப் பாருங்க. நீங்க ஆர்ச் பயன்படுத்தாவிட்டாலும் கூகுள் உங்களை அங்கே கொண்டுபோய் விட்டிருக்கும். அதன் பலம் எழுத்துத் திறமை மட்டும் இல்லை. ஒரு பகுதி பழசாகிவிட்டது என்று யார் வேண்டுமானாலும் அதன் தலையில் ஒரு எச்சரிக்கைப் பட்டை ஒட்டலாம், என்ன காரணம் என்றும் எழுதலாம். திருத்தத் தெரியாதவன்கூட "இதை நம்பாதே" என்று அடுத்தவனுக்குச் சொல்லிவிட்டுப் போகலாம். பெல் லேப்ஸின் "பக்ஸ்" பகுதி இங்கே ஊர் சொத்தாகிவிட்டது. விக்கி முழுவதையும் நெட் இல்லாமல் படிக்க ஒரு பேக்கேஜாகவே இறக்கிக்கொள்ளலாம். ஆக, நகல் ஒரே சர்வரில் மாட்டிக்கொண்டு கிடக்காது.

கடைசியா, அந்த மேன் பக்கங்களுக்கே திரும்புவோம். லினக்ஸ் மேன் பேஜஸ் திட்டம் 1993-லிருந்து ஓடுகிறது. அதன் பராமரிப்பு பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு ஆள் தோளில்தான் இருந்திருக்கிறது. ரிக் ஃபெய்த், பிறகு ஆண்ட்ரிஸ் பிரௌவர், 2004-லிருந்து மைக்கேல் கெரிஸ்க், அவருக்குப் பிறகு அலெஹாந்திரோ கொலோமார். 2024 செப்டம்பரில் கொலோமார், சம்பளமில்லாமல் இனி தொடர முடியாது என்று அறிவித்து வேலையை நிறுத்தினார். உலகத்தின் பெரும்பாலான சர்வர்கள் ஓடும் சிஸ்டத்தின் கையேடு, ஒரு தனி மனிதரின் ஓய்வு நேரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது! பிறகு சில நிறுவனங்கள் சேர்ந்து பணம் தர முன்வந்ததால் வேலை மறுபடி தொடங்கியது.

இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். ஆவணம் எழுத ஆள் எப்பவும் கிடைப்பார்கள். எழுதி முடித்த மறுநாளிலிருந்து அது மெதுவாகப் பொய்யாக ஆரம்பிக்கும். அப்போது பக்கத்தில் இருக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. அதைக் குணமான மனுஷங்களை நம்பி விட முடியாது, அதற்கு ஒரு ஏற்பாடு வேண்டும்.

நான் இப்போ பங்களிக்கிற ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில், எல்லாப் பக்கத்தின் தலையிலும் மூன்று வரி போட வைத்திருக்கிறேன். கடைசியாக யாரோ செய்து பார்த்த தேதி. எது வேலை செய்யாது. யாரைக் கேட்பது. ஆறு மாசத்துக்குள் யாரும் செய்து பார்க்கவில்லை என்றால் பக்கம் தானாக மஞ்சளாகிவிடும். கோடை மாற்றுகிறவர் அதே பேட்ச்சில் பக்கத்தையும் மாற்ற வேண்டும். கடைசியாகக் கை வைத்தவர்தான் ஓனர். 1971 விதிதான், நான் புதுசா எதுவும் கண்டுபிடிக்கலை.

ரூம்மேட் கதையை முடிக்கலையே. அடுத்த நாள் லேப் கணினியில் அந்த டிஸ்க்கை மாட்டி, ஃபோட்டோரெக் என்ற கட்டற்ற மென்பொருளை ஓட்டினோம். அதன் கையேட்டில் ஒவ்வொரு படிக்கும் ஸ்கிரீன்ஷாட் இருந்தது. எந்த டிஸ்க்கில் எழுதக்கூடாது என்றும் தெளிவாக இருந்தது. ராத்திரி முழுக்க ஓடியது. போட்டோக்களில் பாதிக்கு மேல் திரும்பி வந்தன, பழைய ஃபைல் பெயர் எதுவும் இல்லாமல். எது முகூர்த்தம், எது ரிசப்ஷன் என்று அவன் அக்காதான் உட்கார்ந்து பிரித்தார்.

அந்த ஜெராக்ஸை நாங்கள் தூக்கிப் போடவில்லை. முதல் பக்கத்தில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் ரூம்மேட் எழுதினான்: "2016 வரைக்கும் பார்த்தாச்சு. 'எஸ்டிஏ'ன்னா உங்க ஹார்ட் டிஸ்க். சந்தேகம்னா இவனைக் கேளுங்க." கீழே என் பெயரும் ரூம் நம்பரும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். நீங்க கடைசியா எழுதின ஒரு டாக்குமென்ட் எங்கேயாவது கிடக்கும். இன்னைக்கு அதைத் திறந்து, தேதி இருக்கான்னு மட்டும் பாருங்க.